ரெப்ரசென்டேஷன்: சித்தரிப்பா, பிரதிநிதித்துவமா?

திரை விமர்சனங்களில் ஓயாமல் அடிபடும் 'ரெப்ரசென்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பலரும் 'பிரதிநிதித்துவம்' என்று போட்டுவிடுகிறார்கள். 'படத்தில் பிரதிநிதித்துவம் சரியில்லை' என்று படித்தால், எந்தத் தொகுதி என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

வேர்ச்சொல் லத்தீன் 'ரெப்ரசென்டாரே'. எதிரில் இல்லாததைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது. ஓவியர் செய்வதும் அதுதான், கட்சிக்காரருக்காக எழுந்து பேசும் வக்கீல் செய்வதும் அதுதான். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது. தமிழில் ஓவியர் செய்வது சித்தரிப்பு. (சித்திரத்திலிருந்து வந்ததால் 'சித்திரிப்பு' என்றே எழுதுவோரும் உண்டு.) வக்கீல் செய்வது பிரதிநிதித்துவம். பிரதிநிதி வடசொல், ஒருவருக்குப் பதிலாக நிற்பவர்.

இரண்டும் வேறு என்பது கென்னத் பிரானா 1992இல் இயக்கிய 'பீட்டர்ஸ் ஃபிரெண்ட்ஸ்' என்ற பிரிட்டிஷ் படத்தில் பளிச்சென்று தெரியும். கல்லூரிக் காலத்தில் ஒன்றாக மேடையேறிய நண்பர்கள், பத்தாண்டு கழித்துப் புத்தாண்டுக்கு பீட்டரின் மாளிகையில் கூடுகிறார்கள். தனிமையில் வாடும் மேகி அவன் அறைக்கே போய்த் தன் ஆசையைச் சொல்கிறாள். அவன் நோகாமல் மறுக்கிறான். ஆண், பெண் இருபாலர் மீதும் ஈர்ப்பு கொண்டவன் அவன். ஆளாளுக்குச் சண்டை முற்றிய கட்டத்தில், தனக்கு எச்ஐவி என்கிறான். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டுமருந்துச் சிகிச்சை வருவதற்கு நான்கு ஆண்டு முன்பு, அது சாவுச் செய்தி. சண்டை அடங்கிவிடுகிறது.

சித்தரிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீபன் ஃபிரை நடித்த பீட்டர் நையாண்டிக்காரன், தந்தையை இழந்த மகன், விருந்தினரைத் தாங்கும் வீட்டுக்காரன். ஆனால் அத்தனை பேரில் இருபாலர் மீதும் ஈர்ப்பு கொண்டவன் அவன் ஒருவனே, நோயும் அவனுக்கே, மற்றவர்களுக்குப் புத்தி வருவதும் அந்த நோயால்தான். பிரதிநிதித்துவம் என்று பார்த்தால், ஒற்றை ஆள் மேல் ஊர்ப் பாரம்.

தனித்தமிழில் பிரதிநிதிக்குப் பேராளர், சார்பாளர் இரண்டும் வழக்கில் உண்டு. பேராளரிலிருந்து 'பேராண்மை' என்று ஆக்கப் போனால் பொருள் வீரத்துக்குத் தாவிவிடும். விமர்சனத்துக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். எப்படிக் காட்டினார்கள் என்றால் சித்தரிப்பு. யாரையெல்லாம் சேர்த்தார்கள் என்றால் 'இடம்' போதும்: பீட்டருக்கு அந்தப் படத்தில் இடம் இருக்கிறது, அவனைப் போன்ற இன்னொருவருக்கு இல்லை.