பழைய பட்டறை நிலமும் உங்கள் கிணறும்: ‘சோதித்தாயிற்று’ என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும்

எங்கள் தோட்டப் பட்டணத்தில் ஆற்றை ஒட்டி ஒரு மரப்பட்டறை இருந்தது. அறுத்த மரத்தைக் கரையான் அரிக்காமலிருக்க மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பக்கத்திலேயே டீசல் தொட்டி. பட்டறை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் பழைய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் ஒரு அம்மா, கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் படர்வதைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். முதலில் போன அலுவலகத்தில் ‘தனியார் நிலம், நாங்கள் நுழைய முடியாது’ என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் ‘கம்பெனியே இல்லை, யார்மேல் நடவடிக்கை எடுப்பது?’ என்றார்கள். மூன்றாவதில் ‘அந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்களா? குடிக்கவில்லையென்றால் எங்கள் வேலை இல்லை’ என்றார்கள். மாதக்கணக்கில் அலைந்த பிறகு ஒரே பக்கத்தில் பதில் வந்தது: மண் சோதிக்கப்பட்டது, அளவு வரம்புக்குள் இருக்கிறது. எங்கே தோண்டினார்கள், எவ்வளவு ஆழம், எந்த வரம்பு, ஒரு வரி கிடையாது.

அந்த மாதிரி ஒரு தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் (சட்டம் 127) மண்ணை மாசுபடுத்துவது 24ஆம் பிரிவின் கீழும், ஆறு முதலான உள்நாட்டு நீரை மாசுபடுத்துவது 25ஆம் பிரிவின் கீழும் குற்றம். 2024 ஜூலையிலிருந்து தண்டத்தொகை பெரிதாக உயர்ந்திருக்கிறது. சில குற்றங்களுக்கு உச்சம் 1 கோடி ரிங்கிட். ஆனால் மாசுபட்ட நிலத்தை எப்படி ஆராய்வது, எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்குத் தனிச் சட்டம் கிடையாது. ஜபாத்தான் ஆலாம் செகித்தார், அதாவது சுற்றுச்சூழல் துறை, 2009இல் வெளியிட்ட மூன்று வழிகாட்டிகள் மட்டும்தான் இருக்கின்றன. வழிகாட்டியை மீறினார் என்று யாரையும் நேராக நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. நீங்கள் சந்திக்கும் இழுத்தடிப்பில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

அறிக்கையில் எங்கே ஏமாற்று நடக்கும்

ஆய்வு முறையாக நடந்தால் முதலில் பழைய கதையை விசாரிக்க வேண்டும்: அங்கே என்ன தொழில் நடந்தது, தொட்டி எங்கே இருந்தது, கழிவு எங்கே கொட்டப்பட்டது. அதற்கப்புறம்தான் துளை போட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுப்பார்கள். இந்த முதல் கட்டத்தை அவசர அவசரமாக முடித்துவிடுகிறார்கள். பட்டறையில் வேலை செய்த தாத்தாக்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால் நீங்களே கேளுங்கள். மருந்துத் தொட்டி எங்கே, நனைந்த மரத்தை எங்கே சாய்த்து வைத்துக் காயவிட்டார்கள், சேறு எங்கே போனது என்று ஒரு படம் வரைந்து, தேதி போட்டு, சொன்னவரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். எழுத்தில் போன படத்தைப் பார்க்கவே இல்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது செம்மண். நிலத்தை விற்க நினைப்பவர் லோரி லோரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கிவிடுவார். அதன் பிறகு மேல் அரை மீட்டரில் மண் எடுத்தால் வேறு ஏதோ குன்றின் மண்ணைத்தான் சோதிக்கிறீர்கள். பழைய தரை எத்தனை மீட்டருக்குக் கீழே இருக்கிறது, அதிலிருந்து மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள். அப்புறம், ஐந்தாறு இடத்து மண்ணை ஒரே வாளியில் கலந்து ஒரு மாதிரியாக அனுப்பினார்களா என்றும் பாருங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் ஒரு பிடி விஷம் ஐந்து பிடி நல்ல மண்ணோடு சேர்ந்தால் வரம்புக்குள் வந்துவிடும்.

வரம்பு என்றால் எந்த வரம்பு? வழிகாட்டியில் குடியிருப்பு நிலத்துக்கு ஒரு அளவு, தொழிற்சாலை நிலத்துக்குத் தளர்வான வேறு அளவு. தாமான், அதாவது குடியிருப்பு, கட்டப் போகும் நிலத்தைத் தொழிற்சாலை அளவோடு ஒப்பிட்டுத் ‘தேர்ச்சி’ என்று எழுதிய அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன். கோபம் வந்தது, இன்னும் அடங்கவில்லை.

ஆற்றங்கரை நிலத்தில் இன்னொரு விஷயம் உண்டு. பேராக், லங்காட், கெரியான் மாதிரியான ஆறுகளின் கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றம் எட்டும். ஏற்றத்தில் ஆற்று நீர் கரைக்குள் புகுந்து ஓரத்துக் கிணறுகளை நீர்க்க வைக்கும். இறக்கத்தில் நிலத்தடி நீர் ஆற்றை நோக்கி வடியும், மாசும் கூடவே போகும். எனவே மாதிரி எடுத்த நேரத்தை அலை அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் மட்டும் எடுத்திருந்தால் இறக்கத்திலும் ஒரு தடவை எடுக்கச் சொல்லி எழுதுங்கள். டீசல் தண்ணீரின் மேல் மிதக்கும். குப்பியை ஆழத்தில் இறக்கி எடுத்தால் எண்ணெய் இல்லாத தண்ணீர்தான் வரும். எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று தனியாக அளந்தார்களா?

‘இந்த மண்ணில் இரும்பும் ஆர்செனிக்கும் இயற்கையாகவே உண்டு’ என்ற பதிலும் வரும். கரையோர வண்டல் மண்ணில் அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் நிலத்தடி நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்தில் பட்டறைக்கு வெளியே ஒரு துளை போட்டு ஒப்பிட்டுக் காட்டட்டும். மரத்துக்கு ஏற்றிய மருந்துகளில் அதிகம் புழங்கியது செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கலவை. மூன்றும் ஒன்றாகக் கூடியிருந்தால் இயற்கை என்று சொல்லித் தப்பிப்பது கடினம். ஆகவே மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூட அறிக்கையில் சாம் என்ற மலேசிய அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். அந்த முத்திரை நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட சோதனைக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கூடத்துக்கு முத்திரை இருந்துவிட்டால் அவர்கள் செய்யும் எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் உண்டு என்று அர்த்தமில்லை.

இதற்கிடையில் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. சந்தேகப்படும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கிருமி சாகும், ஆர்செனிக் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அது இன்னும் அடர்த்தியாகும். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நாக்குக்குத் தெரியாத அளவு அது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

புகார் முதலில் சுற்றுச்சூழல் துறைக்கு. கட்டணமில்லா எண் 1-800-88-2727. தொலைபேசியில் சொல்வதோடு நிற்காமல் இணையத்திலும் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். எண் இல்லாத புகார் எங்கேயும் பதிவில் இராது. ‘மாசு இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் மூடிவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வாடை, வேலியிலிருந்து எத்தனை அடி, எந்தப் படம் என்று மலாயில் எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணோடு அரசாங்கத்தின் பொதுப் புகார் பிரிவுக்கு (பீரோ பெங்காடுவான் அவாம்) போகலாம்.

கிணற்றுத் தண்ணீருக்கு மாவட்டச் சுகாதார அலுவலகம். ‘குடிக்கிறீர்களா?’ என்று கேட்டால் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அரிசி களைவது, பல் தேய்ப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது என்று உண்மையில் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்களோ, அத்தனையையும் எழுதிக் கொடுங்கள்.

நில அலுவலகத்தில் ‘சாரியான் ரஸ்மி’, அதாவது அதிகாரபூர்வத் தேடல் சான்று, எடுத்தால் இப்போதைய உரிமையாளரும் நிலத்தின் நிபந்தனையும் தெரியும். கம்பெனி போய்விட்டது என்று சொன்னால் கம்பெனி ஆணையத்தில் அதன் பதிவைப் பாருங்கள். மூடப்பட்டதா, வெறுமனே பெயர் மாறியதா, இயக்குநர்கள் யார் என்று அதில் இருக்கும். கம்பெனி செய்த குற்றத்துக்கு அப்போதைய இயக்குநர்களையும் பொறுப்பாக்கச் சட்டம் 127இன் 43ஆம் பிரிவு இடம் தருகிறது. பெயர்களை நீங்கள் தேடிக் கொடுத்தால், யாரைப் பிடிப்பது என்று உங்களிடமே திருப்பிக் கேட்க முடியாது.

மண்ணை அள்ளிக்கொண்டு போகிறார்களா? ரசாயனமோ எண்ணெயோ சிந்தியதைச் சுத்தம் செய்யும்போது வரும் மண், 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிட்ட கழிவு. எண் எஸ்டபிள்யூ 408. உரிமம் பெற்ற லோரிதான் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு நடையும் பதிவாக வேண்டும். சாதாரண மண் லோரி ராத்திரியில் வந்தால் வண்டி எண்ணோடு படம் எடுத்து உடனே புகார் செய்யுங்கள். அந்த மண் இன்னொரு தாமானின் அடித்தளமாகப் போய்விடும்.

உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லும் இடங்கள்

புதிய கட்டுமானத்துக்கு நகராண்மைக் கழகம் அனுமதி தரும்போது, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுத்த திட்டம்) இல்லாத பகுதியென்றால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு வரும். மறுப்புச் சொல்ல 21 நாள். கவனியுங்கள், உரிமையாளர்களுக்கு. வாடகைக்கு இருப்பவருக்கும், பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக லயத்தில் இருப்பவருக்கும் கடிதம் வராது. உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்தில் உரிமையாளருக்கும் வராது. ஆகவே கழகத்தின் அறிவிப்புப் பலகையை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். வேலியோரம் யார் வீட்டுக்குப் பட்டா இருக்கிறதோ, அவர் பெயரில் மனு போடுங்கள்.

அறிக்கையின் நகலைக் கேட்டால் ‘ரகசியம்’ என்பார்கள். தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் கொண்டு வந்தவை சிலாங்கூரும் பினாங்கும்தான், அதுவும் மாநில அலுவலகங்களுக்கே பொருந்தும். சுற்றுச்சூழல் துறை மத்திய அரசுடையது. பேராக்கில் இருப்பவருக்கு இந்த வழியும் இல்லை. அதனால் முழு அறிக்கை கிடைக்காவிட்டாலும் துளை போட்ட இடங்கள், ஆழம், ஒப்பிட்ட அளவு, மாதிரி எடுத்த தேதியும் நேரமும், இந்த நான்கையும் கடிதத்தில் கேள்வியாகக் கேளுங்கள். பதில் வந்தாலும் மௌனம் வந்தாலும் இரண்டும் பின்னால் உதவும்.

இன்றும் தோட்டத்தில் வேலை செய்து தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பிடி உண்டு. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின்படி (சட்டம் 446) முதலாளி இலவசமாகப் போதுமான குழாய்த் தண்ணீர் தர வேண்டும். தொழிலாளர் அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள். ஓய்வு பெற்றவர்களை ‘நீங்கள் தொழிலாளி இல்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். அதே லயத்தில் இப்போது வேலையில் இருக்கும் ஒருவர் பெயரில் புகார் போனால், குழாய் லயத்துக்கே வர வழி பிறக்கும்.

நஷ்டஈடு பற்றியும் சொல்ல வேண்டும். குற்றவாளி கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது, உங்கள் கைக்கு வராது. கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் நீங்களே சிவில் வழக்குப் போட வேண்டும். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேரா மக்கள், கதிரியக்கக் கழிவை உண்டாக்கிய அரிய மண் ஆலைக்கு எதிராக 1985இல் வழக்குப் போட்டு, 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. முதலில் உரிமம் கொடுத்த வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்பதும் அப்போது எழுந்த ஒரு கேள்வி. புகார் எண், கடித நகல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கெடு ஓடிக்கொண்டே இருக்கும். தனியார்மேல் இப்படிப்பட்ட வழக்குக்குப் பொதுவாக 6 வருடம். கவனக்குறைவால் நேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருந்து பின்னால் வெளிப்பட்ட சேதத்துக்கு, அந்த 6 வருடம் கடந்திருந்தாலும், தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம் என்று 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் சொல்கிறது. உடல் பாதிப்பு வழக்குக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. அரசாங்கத்தின்மேல் என்றால் 36 மாதம்தான். அலுவலகங்கள் உங்களை அலைக்கழிக்கும் மாதங்களும் இதில் கணக்கு. எண்ணெய்ப் படலத்தை முதன்முதலில் பார்த்த தேதியை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்து, ஒரு வருடம் முடிவதற்குள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு போங்கள்.