பிரெஞ்சு விளங்குது, வாய்தான் திறக்குதில்லை

"எனக்கு எல்லாம் விளங்குது ரீச்சர், கதைக்கத்தான் வருதில்லை." பாரிஸிலும் புறநகரிலும் நம்மவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற எவருக்கும் இந்தக் கதை பழக்கமானது. சொல்வது பொய்யில்லை. உணவகச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக நின்றவருக்குக் கட்டளைகள் எல்லாம் விளங்கும். "வீ, ஷெஃப்" (சரி, ஷெஃப்) என்றால் வேலை நடந்துவிடும். ஆனால் அங்கே அவர் யாரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டி வந்ததேயில்லை. அதனால் என் வகுப்பில் வினைச்சொல் அட்டவணைக்கு முன்னால் கேள்வி கேட்கப் பழக்குகிறேன்.

புத்தகத்தில் "ஜ ந சே பா" (எனக்குத் தெரியாது) என்று இருக்கும். தெருவில் அது "ஷே பா" ஆகிவிடும். "இல் நி ஆ பா" (இல்லை) வெறும் "யா பா" ஆகிவிடும். இதைக் கேட்டதும் பலர் தங்களுக்குப் பிரெஞ்சே தெரியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று பிறந்ததிலிருந்து வாழ்கிற நாமே இப்படித் திகைக்கலாமா? "வந்துகொண்டிருக்கிறேன்" என்று வீட்டில் யார் கதைக்கிறோம்? அதனால் இரண்டு வடிவத்தையும் முதல் நாளிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

கொப்பியில் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கிற பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். மீனுக்கும் பானத்துக்கும் "புவா" என்றே தொடங்கி ஒரே மாதிரி எழுதுவார்கள். முதலெழுத்தின் ஒலிதான் வித்தியாசம்: மீனுக்கு p (poisson), பானத்துக்கு b (boisson). நமது 'ப' இரண்டையும் தாங்கிவிடும், பரிமாறுகிறவரின் காது தாங்காது.

பெரியவர்களை அதிகம் பயமுறுத்துவது தொலைபேசி. முகமும் கையும் தெரியாது, தொலைபேசி இலக்கங்கள் வேறு இரண்டிரண்டாக வந்து விழும். 75 என்பது "சுவாசோந்-கென்ஸ்", அதாவது அறுபதும் பதினைந்தும். "சுவாசோந்" கேட்டவுடன் கை 6 எழுதிவிடும். 92-க்கு "கத்ர்-வேன்-தூஸ்", நாலு இருபதும் பன்னிரண்டும். 4 எழுதியவர் அழித்துத் திருத்துவதற்குள் அடுத்த சோடி போய்விடும். ஆகவே இரண்டு பேரை முதுகோடு முதுகாக இருத்தி, ஒருவர் வைத்தியரின் வரவேற்பாளராக, மற்றவர் நேரம் கேட்பவராகப் பேசவைப்பேன். எண்ணை எழுதாமல் காத்திருந்து, சோடி முழுதாக முடிந்தபின் எழுத வேண்டும். விளங்காவிட்டால் தலையாட்டக் கூடாது. "ப்ளூ லாந்த்மாந், சில் வூ ப்ளே" (மெதுவாகச் சொல்லுங்கள்) என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் "போன்ஷூர்" (வணக்கம்). அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருவது இந்த நாட்டில் மரியாதைக் குறைவு.

பாடத்துக்கு அவரவர் கையிலிருக்கும் கடிதத்தையே கொண்டுவரச் சொல்வேன்: வாடகை ரசீது, பிள்ளையின் பள்ளிக்கூட அறிவித்தல், மருந்துச்சீட்டு. கற்பனையான ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போன கதையை வாசித்து அலுத்தவர்கள், தங்கள் மின்சாரக் கட்டணம் ஏன் கூடியது என்று கேட்கும்போது சொல்லைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாயின் மருத்துவப் பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகிறார்கள். தாய் தன் வலியை முழுதாகச் சொல்லமாட்டார், பிள்ளையும் கேட்டதை முழுதாகச் சொல்லாது. "எங்கே நோகிறது, எப்போதிருந்து" என்ற அளவுக்காவது தாய்க்குப் பேச்சு வரவேண்டும்.

சட்டமும் இப்போது இறுக்கமாகிவிட்டது. 2024 ஜனவரியில் வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பத்து வருட வதிவிட அட்டைக்குப் பிரெஞ்சு மொழித் தேர்ச்சி நிலை 'ஆ2' (A2) போய் அதற்கு அடுத்த நிலையான 'பே1' (B1) வேண்டும், குடியுரிமைக்கு 'பே1' போய் 'பே2' (B2) வேண்டும். இந்த நிலைக்கான 'தெல்ஃப் பே1' (DELF B1) பிரெஞ்சு மொழிப் பரீட்சையில் வாய்மொழிக்கு 100-இல் 25 புள்ளிகள். மொத்தம் 50 எடுத்தாலும் ஒரு பகுதியில் 5-க்குக் கீழே போனால் தோல்விதான். வாய்மொழியில் பரீட்சகர் கடைக்காரராகவோ அயலவராகவோ நடிக்கும் ஒரு பகுதி உண்டு, அதற்குத் தயாரிக்க நேரம் தரமாட்டார்கள். மனப்பாடம் செய்த பந்தி அங்கே உதவாது.

வகுப்புக்குக் காசு இல்லையென்றால், பொம்பிடூ மையத்தின் பொது நூலகம் இலவச உரையாடல் அமர்வுகள் நடத்துகிறது. பாரிஸ் நகரசபையும் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு வகுப்புகள் வைக்கிறது. வேலை நேரம் இடிக்கிறவர்கள் மாலை வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளையை விட்டுக் கேட்காமல் நீங்களே தொலைபேசி எடுங்கள்.