பெயிண்ட் அடித்த கதவில் ஈரம் எங்கே நுழைகிறது?

நடுப்பகுதி மேடாக எழும்பி, ஓரம் சரிந்து சட்டத்துக்குள் செருகியிருக்கும் பேனல் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் செய்யும்போது அந்தப் பேனலைச் சட்டத்தோடு ஒட்ட மாட்டார்கள். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கி விரியும் என்பதால், சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) அசைய இடம் விட்டே மாட்டுவார்கள். அதிகம் அசையாது என்று பெயரெடுத்த தேக்குகூட, பச்சை மரமாக இருந்து முழுதாகக் காயும்போது அகலத்தில் 5.8 சதவீதம் வரை சுருங்கலாம். வெள்ளை பெயிண்ட் அடித்த கதவில் இது நன்றாகவே தெரியும். வெயில் காலத்தில் பேனல் சுருங்க, பெயிண்ட் படாத மரம் சட்டத்தோரம் கோடாக எட்டிப் பார்க்கும்.

எம்.டி.எஃப். பலகையில் இந்தத் தொல்லை இல்லை. மரத்தை ஆவியில் வேகவைத்து நாராக அரைத்து, பிசினும் கொஞ்சம் மெழுகும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்வது அது. நார்கள் பல திசையிலும் கிடப்பதால் நீள அகலத்தில் அசைவு மிகக் குறைவு. ஆனால் தடிமன் விஷயம் வேறு. நசுக்கி அடக்கிய நார்கள் தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்த பிறகும் அந்த வீக்கம் முழுதாக வடியாது.

அழுத்தும் தட்டின் சூடு முதலில் படுவது மேற்பரப்பில்தான். அதனால் பலகையின் இரு முகங்களும் கெட்டியாகவும், நடுப்பகுதி சற்றுத் தளர்வாகவும் அமைகின்றன. சுழலும் கத்தியால் வெட்டிப் பேனலுக்கு வடிவம் கொடுக்கும் கருவியான ரூட்டர், கெட்டியான முகத்தைச் சீவி எடுத்துவிட்டு நேராக அந்தத் தளர்வான பகுதியைத் திறக்கிறது. கையால் தடவினாலே அந்தச் சரிவு பஞ்சு படர்ந்ததுபோல் சொரசொரக்கும்.

ஈரம் தாங்கும் வகை எம்.டி.எஃப். பலகை கைகொடுப்பது இங்கேதான். சாதாரண பலகையின் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினை ஈரமும் சூடும் சேர்ந்து மெல்லப் பிரித்துவிடும். அதோடு மெலமின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் பிணைப்பு எளிதில் அறுபடாது. ஐரோப்பியத் தர விதியில் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துச் சோதிப்பார்கள். 18 மி.மீ. சாதாரண பலகை 12 சதவீதம் வரை உப்பலாம், ஈரம் தாங்கும் பலகைக்கு 8 சதவீதம்தான் வரம்பு. அதாவது முன்னது 20 மி.மீ.-ஐத் தாண்டலாம், பின்னது சுமார் 19.4 மி.மீ.-க்குள் நிற்க வேண்டும். கடையில் பலகை பச்சை நிறமாக இருக்கிறது என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள், அது அடையாளத்துக்குப் போடும் சாயம். தரமும் அடர்த்தியும் என்ன என்று கேளுங்கள். கன மீட்டருக்கு 850 கிலோ அளவில் அடர்த்தி உள்ள பலகையில் ரூட்டர் வெட்டும் வழவழப்பாக வரும்.

அப்புறம் பெயிண்ட். வெட்டிய சரிவில் தண்ணீர் கலந்த ப்ரைமரை (அடிப்பூச்சை) முதலில் அடித்தால் நார்கள் நிமிர்ந்து நிற்கும். பி.யூ. (பாலியூரித்தேன்) சீலர் என்ற துளை அடைக்கும் பூச்சை அடித்து, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி சீலர் அடிப்பதே சரி. கூர்மையான விளிம்பில் பெயிண்ட் தங்காமல் விலகி மெலிந்துவிடும், அதனால் விளிம்பைக் கொஞ்சம் உருட்டிவிட வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் இரு பக்கமும் ஈரத்தை வேறுவேறு அளவில் வாங்கிக் கதவு வளையும், பின்பக்கத்துக்கும் அதே பூச்சு வேண்டும்.

ஈரம் தாங்கும் என்றால் தண்ணீரில் ஊறலாம் என்று அர்த்தமில்லை. சமையலறையில் சிங்க்குக்கு அடியில் வரும் கதவின் கீழ்விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு இடம் கீலுக்காகத் துளைக்கும் 35 மி.மீ. குழி. பெயிண்ட் வேலை முடிந்த பிறகு துளைத்தால் உள்ளே வெறும் நார்தான் இருக்கும். கீலை முடுக்குவதற்கு முன் அதற்குள்ளும் சீலர் தடவச் சொல்லுங்கள்.