"பத்தாவது வந்துருச்சு, டீச்சர்!"

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகவில்லை. எங்கள் கோ-கோ அணியிலிருந்து மூன்றாவது பிள்ளையும் நின்றுவிட்டாள். அவளுடைய அம்மாதான் வந்தார். வேப்பமரத்தடியில் நின்றபடி, "பத்தாவது வந்துருச்சு டீச்சர், இனிமே வெளாட்டெல்லாம் வேணாம். அவுக அப்பா கண்டிசனாச் சொல்லிட்டாரு" என்றார். பிள்ளை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக 19 வருடம் ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் கேட்கிற பேச்சுதான். இந்தத் தடவை பொறுக்கவில்லை.

பெற்றோர்களே, விளையாட்டு படிப்பைக் கெடுக்கிறது என்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். காலை 6 மணியிலிருந்து 7.30 வரை பயிற்சி. மாலையில் 4.30 முதல் 6 வரை. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு இருந்தால் மாலைப் பயிற்சிக்கு நானே வரவேண்டாம் என்கிறேன். மிச்சம் காலை ஒன்றரை மணி நேரம். அதை மிச்சம் பிடித்து வீட்டில் வைத்தால் அது புத்தகத்துக்குப் போகிறதா? நின்றுபோன பிள்ளைகளிடமே கேட்டேன். தூக்கத்துக்கும் போனுக்கும் போகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். மார்க் குறைந்தால் வீட்டில் முதலில் வெட்டுப்படுவது கிரவுண்டு. போனைப் பிடுங்குவதில்லை, டிவி வயரைக் கழற்றுவதில்லை. காலையில் எழுந்து ஓடுகிற பிள்ளையை நிறுத்திவிட்டு, "இப்பவாச்சும் படி" என்கிறீர்கள். காலை 5.30 மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து வந்த பழக்கத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டோம் என்பது உங்களுக்குத் தெரிவதில்லை. படிப்பதற்கு வேண்டியதும் அதே பழக்கம்தானே?

சரி, கிரவுண்டில் என்னதான் கிடைக்கிறது? கோப்பையையும் சான்றிதழையும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவையும் விட்டுவிடுங்கள். கோ-கோவைப் பாருங்கள். நடுக்கோட்டில் எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். துரத்துகிறவள் ஒருத்திதான். ஒரு பக்கம் ஓடத் தொடங்கினால் அவள் திரும்பக் கூடாது, நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஓடுகிறவள் கைக்கெட்டும் தூரத்தில் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடுவாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம் என்று உடம்பு துடிக்கும். ஆனாலும் உட்கார்ந்திருக்கும் தோழியின் முதுகைத் தொட்டு "கோ" சொல்லிவிட்டு அவள் இடத்தில் உட்கார வேண்டும். பிடித்த பெயர் அவளுக்குப் போகும். உட்கார்ந்திருக்கிறவளுக்கோ, "கோ" விழும்வரை எழுந்தால் ஃபவுல். பதினான்கு, பதினைந்து வயதில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு உட்காருவதற்கு எந்தப் பாடத்தில் பயிற்சி இருக்கிறது? எனக்குத் தெரிந்து இல்லை.

தோல்வியும் அப்படித்தான். குறுவட்டப் போட்டியில் தோற்றுவிட்டு வேனில் வரும்போது யார் தப்பு என்று சண்டை போடாமல் வந்த அணியை நான் மறப்பதில்லை. முதல் வருடம் சண்டை போடுவார்கள். மூன்றாம் வருடம், தப்பு செய்த பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். இந்த மூன்று வருடம் எட்டாவதிலிருந்து பத்தாவது வரைதான் வருகிறது. அதில் கடைசி வருடத்தைத்தான் நீங்கள் வெட்டுகிறீர்கள்.

என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். விளையாடினால் போதும், குணம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வயதைக் குறைத்துக் காட்டி 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆளை இறக்கினால், அந்தப் பிள்ளை நம்மிடம் கற்றுக்கொள்வது பொய்யைத்தான். வீட்டுப்பாடம் எழுதாதவனை கிரவுண்டைப் பத்துச் சுற்று ஓடவிட்டால் அவன் ஓட்டத்தை வெறுப்பான். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்குகிற ஆசிரியர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த அம்மாச்சியிடம் வளர்ந்தவர். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். அம்மாச்சி முதலில் சம்மதிக்கவில்லை, கண்ணன் பேசிப் பேசித்தான் சம்மதித்து அனுப்பி வைத்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி ஓடினார். உங்கள் பிள்ளையும் ஒலிம்பிக் போவாள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலோர் மாவட்டப் போட்டியைத் தாண்ட மாட்டார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு ஒரு அம்மாச்சி எடுத்த முடிவைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

மார்க் குறைந்தால் பிள்ளையை நிறுத்துவதற்கு முன்னால் என்னிடம் வாருங்கள். வாரத்தில் நாலு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். ராத்திரி 10 மணிக்குப் படுக்க வையுங்கள். வயதுக்கு வந்துவிட்டாள் என்பதற்காக நிறுத்தாதீர்கள். மாதவிடாய் நாளில் முடியவில்லை என்றால் அவளே சொல்லட்டும், ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதட்டும். போட்டிக்கு வந்தால் கோட்டுக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டாதீர்கள். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "செயிச்சியா?" என்ற கேள்வியையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், அம்மா.

நின்றுபோன பிள்ளையின் கட்டத்தில் இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உட்காருகிறாள். "கோ" விழுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறாள். நான் எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. போன வருடம் இதே தப்பைச் செய்தவள் அந்த நின்றுபோன பிள்ளைதான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் ஏறும். அவளைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். காலை ஒன்றரை மணி நேரம் மட்டும்.