ஒழுக்குக் கல அளவியல்: ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’க்கு ஒரு தமிழ்ச் சொல்

இரத்தத்திலுள்ள செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அளக்கும் சோதனை ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’. எங்கள் ஆய்வகத்தில் இதை யாரும் முழுப் பெயரிட்டு அழைப்பதில்லை. ‘ஃப்ளோ’ என்றால் போதும். “இந்தக் குழந்தைக்கு ஃப்ளோ பார்க்க வேண்டும்” என்று மருத்துவர் சொல்வார். ஊதா மூடியிட்ட குழாயில் 3 மில்லி இரத்தம் வந்து சேரும். பெங்களூருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு என எதில் பேச்சு நடந்தாலும் அந்தச் சொல் மட்டும் மாறாது. ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயல் பக்கமிருந்து பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் பெற்றோருக்குத்தான் அது ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு முறை சீட்டில் “உயிரணுப் பரிசோதனை” என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த தந்தை என்னைத் தனியே அழைத்து, “என் மகனுக்கு ஆறு வயதுதான் ஆகிறது, அம்மா” என்றார். குழந்தைப்பேறு மருத்துவமனைகளின் விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவருக்கு உயிரணு என்றால் விந்தணு. பிழை என்னுடையது. பாடநூலில் ‘செல்’லுக்குச் சரியாக இருக்கும் சொல், மருத்துவமனை வராந்தாவில் வேறு பொருள் தந்துவிட்டது. அன்று தொடங்கியது இந்தச் சொல் தேடல்.

‘சைட்டோ’ என்பது ‘கிட்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உள்ளே குழிவான பாத்திரம் என்பது அதன் பொருள். ‘மெட்ரி’ அளத்தல். ‘செல்’ என்ற சொல்லின் கதையும் இதைப் போன்றதே. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த சிற்றறைகளுக்கு அந்தப் பெயரை இட்டார். என் பக்கத்து மேசைக் கன்னடத் தோழி ‘ஜீவகோச’ என்கிறாள். கோசம் என்றாலும் உறை, பெட்டகம். பார்த்தவர் எல்லோரும் ஒரு கொள்கலத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நம்மிடம் அதற்குப் பழைய சொல் இருக்கிறது: கலம். உண்கலமும் மட்கலமும் தெரியாத தமிழர் இல்லை. இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்கு இன்றும் கலம்தான். இரத்தச் சிவப்பணுவைச் செங்குழியம் என்று குழிவைச் சுட்டியே சொல்கிறார்கள். பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல் அளவுக்கும் கலம் என்றே பெயர். பாத்திரமும் அளவையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆகவே சைட்டோமெட்ரி கல அளவியல்.

தடுமாற்றம் ‘ஃப்ளோ’வில்தான். ‘பாய்வு’ என்று எழுதினால் வெள்ளம் பாய்வதுபோல் தோன்றுகிறது. கருவிக்குள் நடப்பது அதற்கு நேர்மாறு. குழாயில் கோடிக்கணக்கில் கலந்து மிதக்கும் கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதில்தான் அதன் திறமை முழுவதும் இருக்கிறது. இரத்த மாதிரியை மெல்லிய இழையாக நடுவில் விட்டு, அதைச் சுற்றி உப்புநீரை வேகமாக ஓடவிடுவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல், வெளிநீர் உள்ளிழையை நெருக்கி ஏறத்தாழ ஒரு கலம் மட்டுமே போகும் அளவுக்கு ஒடுக்கிவிடும். இப்படி வரிசையாகிவிட்டால் ஒரு நொடியில் பல்லாயிரம் கலங்களைக்கூட ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த வரிசைக்குத் தமிழில் ஒழுக்கு என்று பெயர். முட்டையைச் சுமந்து மேட்டு நிலத்துக்குப் போகும் எறும்புகளைப் புறநானூற்றின் 173ஆம் பாட்டு “சிறுநுண் எறும்பின் சில்லொழுக்கு” என்கிறது. இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. கூரை ஒழுகுவதும் ஒழுக்குத்தானே என்று ஒரு நண்பர் தடை சொன்னார். கூரையிலும் நீர் சொட்டுச் சொட்டாகத்தானே இறங்குகிறது!

ஒழுக்கில் வரும் ஒவ்வொரு கலத்தின் மீதும் லேசர் கதிர் விழும். பெரும்பாலான கருவிகளில் 488 நானோமீட்டர் நீல ஒளி. கலத்தைத் தாண்டி முன்பக்கம் சிதறும் ஒளி அதன் பருமனைக் காட்டும். பக்கவாட்டில் சிதறுவது உள்ளே இருக்கும் துகள்களின் செறிவைக் காட்டும். மூன்றாவதாக ஒளிர்வு. கலத்தின் மேற்பரப்பிலுள்ள புரதங்களுக்கு சிடி 3, சிடி 19 என்று எண் உண்டு. அந்தந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தை ஏற்றி முன்பே இருட்டில் ஊறவைத்திருப்போம். சிடி 19 பச்சையாக ஒளிர்ந்தால் அது பி வகை வெள்ளையணு.

திரையில் ஒரு கலம் ஒரு புள்ளி. சிடி 45 என்னும் வெள்ளையணுப் புரதத்தின் ஒளிர்வைக் கிடையாகவும் பக்கச் சிதறலை நெடுக்காகவும் வைத்துப் பார்த்தால், நிணநீர் அணுக்கள் வலப்புறம் கீழே இறுக்கமாகத் திரளும். துகள் நிறைந்த அணுக்கள் மேலே பரவும். இடையே, சிடி 45 மங்கலாக ஒளிரும் பகுதி, நலமானவரின் இரத்தத்தில் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். முதிராத வெள்ளையணுக்கள் பெருகிய குழந்தையின் மாதிரியை ஓட்டும்போது, கண்ணெதிரே அந்த வெற்றிடத்தில் புள்ளிகள் விழுந்து அடர்ந்துகொண்டே போகும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சில நொடிகளில் நான் பேசுவதில்லை. இரத்தப் புற்றுநோயின் வகையைப் பிரித்தறிந்து மருந்தைத் தீர்மானிக்க, மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் இந்தப் படமும் ஒன்று.

ஆங்கிலப் பெயரும் எடுத்த எடுப்பில் அமைந்துவிடவில்லை. கலங்களை நுண்துளை வழியே ஒவ்வொன்றாக அனுப்பி, மின்தடை மாற்றத்தால் எண்ணும் முறைக்கு வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்றார். ஒளிர்வைக் கொண்டு அளக்கும் கருவியை 1968இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் வொல்ஃப்காங் கோடே உருவாக்கியபோது அதன் பெயர் ‘பல்ஸ் சைட்டோஃபோட்டோமெட்ரி’. 1976இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் கூடிய மாநாட்டில்தான் ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ என்று ஒத்துக்கொண்டார்கள்.

முறைக்கு ஒழுக்குக் கல அளவியல், கருவிக்கு ஒழுக்குக் கல அளவி என்று எழுதுகிறேன். ‘ஃபேக்ஸ்’ (FACS) என்று ஆய்வகங்களில் சொல்வதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அளந்ததோடு நில்லாமல், இழையைத் துளிகளாக உடைத்து, வேண்டிய கலம் உள்ள துளிக்கு மின்னேற்றம் தந்து தனிக் குழாய்க்குத் திருப்பும் கருவி. அதற்குக் கலப் பிரிப்பி பொருந்தும். பெற்றோருக்கான சீட்டில் இப்போது “இரத்த வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் சோதனை” என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் கலைச்சொல்லையும் சேர்க்கிறேன்.