நுரையீரல் மாற்றுக்குப் பதிவு செய்வது எப்படி, எப்போது?

நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகும் நோய் உள்ளவர்களில் பலர், ஆக்சிஜன் குழாய் இல்லாமல் குளியலறை வரை கூட நடக்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி முதன்முதலாக விசாரிக்கிறார்கள். அறுவை சிகிச்சையைத் தாங்கும் வலு அதற்குள் உடலில் குறைந்துவிட்டால், பட்டியலில் சேரும் வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

இந்தியாவில் உறுப்பு மாற்று முழுவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. அது 2011இல் திருத்தப்பட்டது. விரிவான விதிகள் 2014இல் வந்தன. நோயாளி நேரடியாக அரசிடம் பெயர் கொடுக்க இயலாது. நுரையீரல் மாற்றுக்கு உரிமம் பெற்ற மருத்துவமனை அவரைப் பரிசோதித்து, தகுதி உண்டெனக் கண்ட பின், மாநில அமைப்பின் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயரைப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அந்த அமைப்பு ‘டிரான்ஸ்டான்’ எனப்படும் உறுப்பு மாற்று ஆணையம். தேசிய அளவில் ‘நோட்டோ’ எனப்படும் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு.

2023இல் மத்திய அரசு மூன்று தடைகளை நீக்க முன்வந்தது. பதிவுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை, இறந்தவரின் உறுப்பைப் பெற 65 வயது என்ற வரம்பு இல்லை, பதிவுக்கு மாநிலங்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்று அறிவித்தது. எனினும், உறுப்பைப் பங்கிடும்போது தன் மாநில நோயாளிகளுக்கு முன்னுரிமை தரும் மாநிலங்கள் உண்டு. வேறு மாநிலத்தில் பதியும் எண்ணமுள்ளவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பதிவுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பரிசோதனைகளும் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம்.

எப்போது போக வேண்டும் என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். 2021இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின்படி, நுரையீரல் தழும்பேறும் நோயின் குறிப்பிட்ட சில வகைகளில், மருந்து தொடங்கும் நிலையிலேயே, அதாவது நோய் உறுதியானவுடனேயே, மாற்று சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே நடக்கும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையில், விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு, அளவு குறித்த நடைவழியில் நோயாளி தன்னால் இயன்ற வேகத்தில் போய்த் திரும்பிக்கொண்டிருப்பார். எத்தனை மீட்டர் நடந்தார், ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதா என்று பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார். சில மாதங்கள் கழித்து வரும் அளவை இதனோடு ஒப்பிட்டால்தான் நோயின் வேகம் தெரியும் என்பதால், முதல் அளவை சீக்கிரம் எடுத்து வைப்பது பிற்பாடு பெரிதும் உதவும். முதல் சந்திப்பிலேயே பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்று அஞ்சத் தேவையில்லை.

பட்டியலில் முதலில் பதிந்தவருக்கே முதலில் கிடைக்கும் என்பதில்லை. இரத்தப் பிரிவு ஒத்துப்போக வேண்டும். கொடையாளரின் நுரையீரல் பெறுபவரின் மார்புக்கூட்டுக்குள் அடங்க வேண்டும். நோயின் அவசரமும் கணக்கில் வரும். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்துக் கொடையாளரின் மூளைச்சாவை உறுதி செய்து, குடும்பத்தார் சம்மதித்த பிறகே உறுப்பு எடுக்கப்படுகிறது. எடுத்த நுரையீரலைப் பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். பணம் கொடுத்து இந்த வரிசையை முந்தலாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்; உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் நுரையீரல் மாற்றுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். அந்தச் செலவைப் பற்றியும் அப்போதே தனியாகக் கேளுங்கள், ஏனெனில் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பதிவான பின், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று பேரின் கைபேசி எண்களாவது இருக்கட்டும். நோயாளிக்குக் காய்ச்சலோ சளித் தொற்றோ வந்தால் அன்றே ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லுங்கள். எண் மாறினாலும் அப்படியே.