ரெஃப்ரி சாய்கிறாரா, தடுமாறுகிறாரா?

போன மாசியில், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, அதிராம்பட்டினம் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்த கால்பந்துப் போட்டிக்கு நான்தான் விசில். முதல் பாதியில் உள்ளூர் டிஃபெண்டர் ஒருவனின் கையில் பந்து பட்டது. கை உடம்போடு ஒட்டியிருந்த மாதிரி தெரிந்தது, விட்டுவிட்டேன். இரண்டாம் பாதியில் வெளியூர்ப் பையன் ஒருவன் கையில் கிட்டத்தட்ட அதே மாதிரி பட்டது. இந்தத் தடவை வரப்பிலும் மதில் மேலும் நின்ற இருநூறு முந்நூறு பேர் ஒரே குரலில் "ஹேண்டு!" என்று கத்தினார்கள், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் என் கை பெனால்டி புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கோலில்தான் ஆட்டம் முடிந்தது.

சாயங்காலம் டீக்கடையில் வெளியூர் அணியோடு வந்திருந்த பெரியவர் ஒருவர், ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க காசு வாங்குற ஆளு இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஊதாத விசிலை இந்தப் பக்கம் ஏன் ஊதுனீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"கை இருந்த நிலை வேற காக்கா, ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றேன். அவர் வாதாடவில்லை. தன் போனில் எடுத்திருந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. லா லிகா, பிரீமியர் லீக் என்று பெரிய ஆட்டங்களில் விசில் ஊதுபவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் முப்பது வருடங்களாக ஆராய்ந்து வருவதும் இதே கேள்வியைத்தான். ரெஃப்ரி ஒரு பக்கம் சாய்கிறாரா, இல்லை மனிதர்தானே, அப்படியும் இப்படியும் தடுமாறுகிறாரா?

இரண்டும் வேறு வேறு நோய். நம்ம பக்கம் நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோனவர்களுக்கு இதை உடனே சொல்லிவிடலாம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. உண்மையில் 17 சதவீதம் ஈரம் உள்ள ஒரு குவியலை ஒரு மீட்டர் எத்தனை தடவை பார்த்தாலும் 19 என்றே காட்டினால் அது சாய்ந்த மீட்டர். இன்னொரு மீட்டர் ஒரு தடவை 15, அடுத்த தடவை 19, அப்புறம் 18, 16 என்று காட்டுகிறது, சராசரி சரியாக 17 வந்துவிடும், ஆனால் எந்த விவசாயிக்கு எந்த எண் விழும் என்று யாருக்கும் தெரியாது. அது தடுமாறும் மீட்டர். முதலாவதைச் சரிசெய்ய இரண்டைக் கழித்தால் போதும். இரண்டாவதுக்குக் கழித்தல் உதவாது, நாலைந்து தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். முக்கியமான விஷயம் என்னவென்றால், ஒரே ஒரு தடவை 19 என்று காட்டியதை வைத்து உங்கள் முன்னால் இருப்பது எந்த மீட்டர் என்று சொல்லவே முடியாது.

ரசிகர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த ஒரே ஒரு தடவையை வைத்துத்தான். 2023 மார்ச் 3 அன்று இந்தியக் கால்பந்து லீகான ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் ஆட்டத்தில், எக்ஸ்ட்ரா டைமில், கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி வேகமாக எடுத்த ஃப்ரீ கிக்கை ரெஃப்ரி கோல் என்று ஏற்றுக்கொண்டார், பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது, பிறகு 4 கோடி ரூபாய் அபராதமும் கட்ட வேண்டி வந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு முடிவைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் சாய்வா தடுமாற்றமா என்பதற்கு அதற்குள் பதில் கிடையாது.

சரி, பத்து முடிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு சீசனில் உங்கள் அணி ஆட்டங்களில் பத்து தவறான முடிவுகள், அதில் ஏழு உங்களுக்கு எதிராக. சதி மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒரு காசை பத்து தடவை சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ பூ விழ 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 20 அணிகள் உள்ள லீகில் யாரும் சாயாமலேயே மூன்று நான்கு அணிகளுக்கு இப்படி நடந்துவிடும், அந்த அணிகளின் ரசிகர்கள் வருடம் பூராவும் தூங்க மாட்டார்கள். அதுவே நூறு தவறுகளில் எழுபது என்றால் கதை வேறு, காசு சுண்டி அப்படி வர லட்சத்தில் நாலு தடவைதான் வாய்ப்பு.

எண்ணிக்கை போதாது, எதை எண்ணுகிறோம் என்பதும் இருக்கிறது. சொந்த ஊர் அணிக்கு அதிக பெனால்டி கிடைக்கிறது என்று மட்டும் சொன்னால் அது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் சொந்த மைதானத்தில் அந்த அணி அதிகம் முன்னேறி ஆடும், பந்து எதிரணி கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸில் அதிக நேரம் இருக்கும், பெனால்டியும் கூடும். ஆகவே ரெஃப்ரி மட்டுமே முடிவு செய்கிற ஏதாவது ஒன்று வேண்டும். மூன்று பொருளியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்: 90 நிமிடம் முடிந்ததும் ரெஃப்ரி கூட்டித் தருகிற நேரம். ஸ்பெயின் லா லிகாவின் 1994-95, 1998-99 சீசன்களை எடுத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். சொந்த ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் கூடுதல் நேரம் சராசரியைவிட 35 சதவீதம் அதிகம். ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் 29 சதவீதம் குறைவு. இரண்டு கோல் வித்தியாசம் இருந்து ஆட்டம் ஏற்கெனவே முடிந்த மாதிரி ஆகிவிட்டால் இந்தச் சாய்வு காணாமல் போய்விடுகிறது. இடையில் வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பதை மூன்றாக மாற்றியிருந்தார்கள், வெற்றியின் மதிப்பு கூடியதும் சாய்வும் கூடியிருந்தது. தடுமாற்றம் இப்படி ஸ்கோர் பார்த்து வராது.

இது காசு வாங்கிய கதையும் இல்லை. அந்தக் கதைகள் தனியாக இருக்கின்றன, 2005-இல் ஜெர்மனியில் சூதாட்டக் கும்பலிடம் பணம் வாங்கிய ரெஃப்ரிக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, 2006-இல் இத்தாலியில் ரெஃப்ரிகளை நியமிப்பவர்களோடு கிளப் நிர்வாகிகள் பேசிவைத்த விவகாரத்தில் யுவெண்டஸ் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. அதெல்லாம் போலீஸ் விவகாரம். லா லிகா ரெஃப்ரிகள் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, தாங்கள் சாய்வதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியவில்லையே.

எது சாய வைக்கிறது என்பதற்கு 2002-இல் வெளிவந்த பிரிட்டிஷ் சோதனை ஒன்று நேரடியான பதில் தருகிறது. தகுதி பெற்ற 40 ரெஃப்ரிகள். லிவர்பூல், லெஸ்டர் சிட்டி ஆட்டத்திலிருந்து 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஒரு பகுதிப் பேருக்கு ரசிகர் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிமேல் சொன்ன ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு, தங்கள் முடிவைப் பற்றிய உறுதியும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. உட்கார்ந்திருந்தது ஒரு அறையில், யாரும் அவர்களை அடிக்க வரப்போவதில்லை, வீட்டுக்குப் பத்திரமாகப் போகலாம். அப்படியும் சாய்ந்தார்கள். அப்படியென்றால் பயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. எனக்குத் தோன்றுவது இது: கண்ணுக்குக் கிடைத்த தகவல் அரைகுறையாக இருக்கும்போது மூளை காதில் விழுவதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிறது. முந்நூறு பேர் "ஹேண்டு" என்றால் அதில் யாரோ ஒருவர் என்னைவிட நல்ல கோணத்தில் நின்றிருக்கலாம் இல்லையா. ஆனால் அந்த முந்நூறு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதைக் கழித்துப் பார்க்க அந்த அரை விநாடியில் மூளைக்கு நேரமில்லை.

அறையில் நடந்தது மைதானத்திலும் நடக்குமா என்று பார்க்க வாய்ப்பு இரண்டு தடவை தானாகவே அமைந்தது. 2007-இல் இத்தாலியில் கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் இறந்த பிறகு, பாதுகாப்பு வசதி இல்லாத மைதானங்களில் ரசிகர்கள் இல்லாமல் ஆட்டங்கள் நடந்தன. அந்த ஆட்டங்களில் வெளியூர் அணிமேல் இருந்த கடுமை குறைந்தது. அப்புறம் கொரோனா. 2020 மே 16 அன்று ஜெர்மனி பண்டஸ்லிகா காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியது, மற்ற லீகுகளும் பின்தொடர்ந்தன. வழக்கமாக வெளியூர் அணிதான் அதிக மஞ்சள் அட்டை வாங்கும். கூட்டம் இல்லாதபோது அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது. கிரிக்கெட்டில் நடுநிலை நாட்டு அம்பயர் என்ற முறை டெஸ்டுகளில் 1994-இல் ஒருவராக வந்து 2002-இல் இருவராக ஆனது, நாட்டுப் பற்று பற்றிய சந்தேகத்துக்கு அது மருந்து. கேலரி சத்தத்துக்கு அது மருந்தாகாது, சத்தம் எந்த நாட்டுக்காரர் காதிலும் ஒரே மாதிரிதான் விழும்.

ஆக, சாய்வு உண்டு, அது கூட்டத்தின் பக்கம். குறிப்பிட்ட ஒரு கிளப்பைப் பிடிக்காமல் வருவதில்லை. இத்தோடு முடியவில்லை, ஏனென்றால் சாய்வு மாதிரியும் தடுமாற்றம் மாதிரியும் தெரிகிற மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்: ஆஃப்சைடு, அதாவது பந்து தட்டிவிடப்படும் நொடியில் ஃபார்வர்டு எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி கோல் பக்கம் நிற்பது.

வயலில் கயிறு கட்டி வரிசையாக நட்ட நாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு நேராக நின்று பார்த்தால் எல்லா நாற்றும் ஒரே கோட்டில் தெரியும். வரப்பில் ஓரடி தள்ளி நின்று பாருங்கள், அதே வரிசை சாய்வாகத் தெரியும், தூரத்து நாற்று ஒரு பக்கம் விலகினால் கிட்டத்து நாற்று மறுபக்கம் விலகும். மைதானத்தின் பக்கக் கோட்டோரம் கொடியோடு ஓடுகிற லைன்ஸ்மேனுக்கு நடப்பது அப்படியே இதுதான். அவர் கடைசி டிஃபெண்டருக்கு நேர்க்கோட்டில் நிற்க வேண்டும், ஓட்டத்தில் அது முடிவதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-இல் நேச்சர் இதழில் எழுதியது: லைன்ஸ்மேன்கள் சராசரியாக ஒரு மீட்டர் கோல் பக்கமாகத் தள்ளி நிற்கிறார்கள். அந்த ஒரு மீட்டர் போதும். கணக்கு போட்டுப் பாருங்கள். டிஃபெண்டர் பக்கக் கோட்டிலிருந்து 30 மீட்டர் தூரத்தில், ஃபார்வர்டு அதே கோட்டிலிருந்து 40 மீட்டரில், கோல் பக்கம் பார்த்தால் இருவரும் சரிசமமாக. ஃபார்வர்டு சுமார் 33 சென்டிமீட்டர் முன்னால் நிற்பது போல லைன்ஸ்மேன் கண்ணுக்குத் தெரியும், கொடி உயரும். அதே ஃபார்வர்டு டிஃபெண்டருக்கு இந்தப் பக்கம், 20 மீட்டரில் நின்றால், உண்மையிலேயே ஓரடி ஆஃப்சைடில் இருந்தாலும் சரியாக இருப்பது போலத்தான் தெரியும், கொடி உயராது. கேலரியில் இருப்பவனுக்கு ஒரே லைன்ஸ்மேன் அப்படியும் இப்படியும் மாற்றிச் சொல்கிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் ஒரே இடத்தில் நின்று ஒரே தவறைத்தான் செய்கிறார். அவருக்கு அணி தெரியாது, கோணம்தான் தெரியும்.

கண்ணின் இந்தத் தவறை இயந்திரம் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்குக் கீழே 12 கேமராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 இடங்களை விநாடிக்கு 50 தடவை பதிவு செய்தன, பந்துக்குள் இருந்த சென்சார் விநாடிக்கு 500 தடவை. கூடுதல் நேரத்தையும் அங்கே ஊகிக்காமல் கணக்கு வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் இரண்டு பாதிகளையும் சேர்த்து 27 நிமிடம் கூடுதலாக ஓடியது.

கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விகளுக்கு இது சரி. ஃபவுலா, ஹேண்டா, எந்த அட்டை என்பதெல்லாம் அப்படி இல்லை. ஜெர்மனியில் செய்த ஆய்வுகள் இரண்டைச் சொல்கிறேன். ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களில் ரெஃப்ரிகள் மஞ்சள் அட்டையைத் தவிர்க்கிறார்கள், ஆரம்பத்திலேயே அளவுகோலைத் தாழ்த்திவிட்டால் கடைசிவரை அதே அளவில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால். இன்னொன்று, ஒரு அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்துவிட்டால் அதே அணிக்கு இரண்டாவது கொடுக்கத் தயங்குகிறார்கள், எதிரணிக்குக் கொடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே மோதலுக்கு ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தீர்ப்பு, எழுபதாவது நிமிடத்தில் ஒரு தீர்ப்பு. ரசிகன் சீரில்லை என்கிறான், சரிதான். ஆனால் அந்த ரெஃப்ரி நியாயமாக நடக்க நினைத்துத்தான் அங்கே போய் நிற்கிறார். இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், விசில் ஊதிப் பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும்.

2018 உலகக் கோப்பையிலிருந்து வி.ஏ.ஆர்., அதாவது அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்து ரெஃப்ரிக்குச் சொல்கிற முறை, இருக்கிறதே என்று கேட்கலாம். தெளிவான, கண்கூடான தவறாக இருந்தால் மட்டும் தலையிடு என்பது அதன் விதி. எவ்வளவு தெளிவு என்றால் தெளிவு? அதை முடிவு செய்வதும் ஒரு மனிதர், தடுமாற்றம் மைதானத்திலிருந்து அறைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மெதுவாக ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே மோதலை ஸ்லோ மோஷனில் பார்த்த ரெஃப்ரிகள் சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிடக் கடுமையான அட்டைகளைக் கொடுத்திருக்கிறார்கள், மெதுவாக ஓட்டும்போது அடித்தவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது போலத் தெரிகிறது.

காக்கா அனுப்பிய வீடியோவை நான் பார்த்தது நாலு நாள் கழித்துத்தான். முதலில் சத்தத்தோடு பார்த்தேன், இரண்டாம் பாதி ஹேண்டு சந்தேகமே இல்லாமல் பெனால்டி. போனை மியூட்டில் போட்டு மறுபடி பார்த்தேன். பையனின் முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது, பந்து இரண்டடி தூரத்திலிருந்து வந்து மேலே விழுந்தது. முதல் பாதியில் நான் விட்ட கை உடம்பிலிருந்து நன்றாக விலகியிருந்தது.

காக்காவுக்குப் போன் போட்டேன். "ரெண்டாவது பெனால்டி இல்ல காக்கா, தப்பா ஊதிட்டேன். முதல்ல விட்டதுதான் பெனால்டி" என்றேன்.

"ரெண்டாவது இல்லைங்கிறது சரி தம்பி" என்றார். "ஆனா முதல் கையை நானும் சத்தத்தை அடைச்சுட்டு அஞ்சாறு தடவை பாத்துட்டேன். எனக்கு அது ஹேண்டாத் தெரியல."